‘உதவினேன்’ என்று 23 முறை

“இதில் நீங்கள் எடுத்த முடிவு எது?” நைரோபியில் பொறியாளர் பதிவுக்கான ஒரு நேர்முகத் தேர்வு அறையில், மேசைக்கு அப்பால் இருந்த மூத்த பொறியாளர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்கப்பட்டது என்னிடம் அல்ல. என்னோடு ஒரே சாலைப் பணியில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் இளம்பெண்ணிடம். மறுநாள் காலை பணியிட அலுவலகத்தில் அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. “என்னிடம் பதில் இல்லை, இன்ஜினியர்” என்று மட்டும் சொல்லிவிட்டு மண் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விட்டார். அன்று வரவேண்டிய மாதிரிகள் வந்து காத்திருந்தன. நான் என் மேசையில் இருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வரைபடத்தில் அவர் எடுத்திருக்க வேண்டிய முடிவுகள் அனைத்தையும் முந்தைய இரவே நான் எடுத்து முடித்திருந்தேன். கென்யாவை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு கூடவே வந்திருக்கிறது.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். சிவில் படித்துவிட்டுத் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சாலைப் பணிகளில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தபின், நைரோபிக்குத் தென்கிழக்கே ஆத்தி ஆற்றுச் சமவெளியில் நடந்துகொண்டிருந்த ஒரு சாலைத் திட்டத்துக்கு மண் மற்றும் சாலைத்தளப் பொருள் நிபுணராகப் போனேன். முதல் நாள் காலை வண்டியிலிருந்து இறங்கியதும் காலடியில் இருந்த மண்ணைப் பார்த்து நின்றுவிட்டேன். அதே கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மழையில் ஊதிப் பெருத்து, மேலே போட்ட எதையும் தூக்கி எறியும் அதே மண். பருத்தி விளையாத அந்தச் சமவெளியிலும் பொறியாளர்கள் அதை ‘பிளாக் காட்டன் சாயில்’ என்றே அழைக்கிறார்கள். அதைத் தோண்டி அகற்றிவிட்டு ‘மர்ரம்’ என்று அங்கே சொல்லப்படும் செம்மண் சரளையை நிரப்புவதா, சுண்ணாம்பு கலந்து கட்டுப்படுத்துவதா, எவ்வளவு ஆழம் வரை போவது என்பவைதான் என் அன்றாட வேலை. இந்த மண்ணை எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையோடுதான் அங்கே போய்ச் சேர்ந்தேன். மண்ணைப் பற்றிய அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பிழை வேறோர் இடத்தில் இருந்தது.

பட்டத்துக்கும் பெயருக்கும் இடையே

எங்கள் ஊரில் நான் இன்ஜினியர் ஆனது பட்டம் வாங்கிய அன்று. உண்மையைச் சொன்னால் கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே அம்மா அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார். இந்தியாவில் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல எல்லாப் பொறியாளர்களுக்கும் பொதுவான சட்டப்படியான பதிவு நடைமுறையில் இல்லை. கட்டட வரைபடம் போடுபவர்களுக்கு மாநகராட்சிகள் உரிமம் தருகின்றன; அதற்கு மேல் ஒருவர் தன்னைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இலங்கையில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பொறியியல் பேரவை வந்துவிட்டது. கென்யாவில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் பழையது. அங்கே பொறியாளர் பதிவுக்கான சட்டம் 1969லேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2011இல் வந்த புதிய சட்டத்தின் கீழ்தான் இன்றைய பொறியாளர் வாரியம் இயங்குகிறது. ஐந்தாண்டுப் படிப்பை முடித்தவர் முதலில் ‘பட்டதாரிப் பொறியாளர்’ என்று பதிவு செய்துகொள்கிறார். குறைந்தது மூன்று ஆண்டுகள், பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்து, அந்த அனுபவத்தை அறிக்கையாக எழுதி, நேர்முகத் தேர்வில் அதை நிலைநாட்டிய பிறகுதான் ‘தொழில்முறைப் பொறியாளர்’ ஆக முடியும். அதற்கும் மேலே ‘ஆலோசகப் பொறியாளர்’ என்றொரு படி இருக்கிறது. பதிவு கிடைத்தபின் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொழில் மேம்பாட்டுப் புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

அந்தப் பெயருக்கு அங்கே இருக்கும் எடையை நேரில் பார்த்தால்தான் புரியும். டாக்டர் என்று போடுவதுபோல ‘இன்ஜினியர்’ என்று பெயருக்கு முன்னால் போடுகிறார்கள். திருமண அழைப்பிலும், நாளிதழில் வரும் இரங்கல் அறிவிப்பிலும், தேவாலயத்தில் நன்கொடை வாசிக்கும்போதும் அந்த முன்னொட்டு விடுபடாது. எங்களோடு இருந்த அந்தப் பெண்ணின் படிப்புக்கு அவருடைய கிராமமே கூடி, ஹராம்பீ என்று அங்கே சொல்லப்படும் நன்கொடைக் கூட்டம் நடத்திப் பணம் திரட்டியிருந்தது. மீதியை அரசின் கல்விக்கடன் பார்த்துக்கொண்டது. ஊருக்குப் போனால் கிழவர்கள்கூட “இன்ஜினியா” என்று கூப்பிடுவார்களாம். சட்டப்படி தனக்கு இன்னும் உரிமையில்லாத பெயர் அது என்று அவர்களிடம் எப்படி விளக்குவது என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு ஆண்டுகள் படித்துவிட்டு 17 ஆண்டுகளாக அந்தப் பெயரோடு இருந்தவன் நான்; ஐந்து ஆண்டுகள் படித்து, நான்கு ஆண்டுகள் களத்தில் நின்ற பிறகும் அந்தப் பெயருக்குக் காத்திருந்தவர் அவர்.

இந்தக் கண்டிப்பு வீணான சம்பிரதாயம் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. 2016 ஏப்ரல் இறுதியில் நைரோபியின் ஹுருமாப் பகுதியில், பலத்த மழைக்குப் பின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இரவில் சரிந்து ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். அதன்பிறகு ‘இந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் யார்’ என்ற கேள்வியை அந்த ஊர் மனிதர்கள் தேநீர்க்கடையில்கூடக் கேட்பார்கள். பதிவு மறுக்கப்படுவதன் வலியும் அங்கே சிறியதல்ல. தங்கள் பல்கலைக்கழகப் படிப்பை ஏற்கப் பதிவு வாரியம் மறுத்ததை எதிர்த்து 107 பட்டதாரிகள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல்தான் அங்கே தீர்ப்பு வந்தது. எல்லை தாண்டிய வாய்ப்பும் இந்தப் பதிவோடு கட்டப்பட்டிருக்கிறது. 2012 டிசம்பரில் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் ஒருவர் நாட்டுப் பதிவை மற்றவர் ஏற்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பிற்பாடு ருவாண்டாவும் சேர்ந்தது. பதிவு கிடைத்தவருக்குக் கம்பாலாவும் தாருஸ்ஸலாமும் கிகாலியும் திறந்துகொள்கின்றன. கிடைக்காதவர் வங்கியிலோ காப்பீட்டு நிறுவனத்திலோ போய் உட்கார்ந்துவிடுகிறார். அந்தப் பெண்ணின் வகுப்புத் தோழர்களில் பலர் அப்படிப் போயிருந்தார்கள்.

சட்டம் ‘மூன்று ஆண்டு அனுபவம்’ என்று சொல்கிறது. அந்த மூன்று ஆண்டுகளுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதை நிரப்புவது சட்டம் அல்ல. மேலே உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்ற ஒருவன்தான் அதை நிரப்புகிறான், அல்லது வெறுமையாக விட்டுவிடுகிறான்.

அறிக்கையைப் படித்த மாலை

நேர்முகத் தேர்வு முடிந்து பத்து நாள் இருக்கும். பணியிட அலுவலகத்துக்கு எதிரே தகரக்கூரை போட்ட ஒரு சிறிய தேநீர்க்கடை உண்டு. பாலும் தேயிலையும் ஒன்றாகக் கொதிக்கவிட்ட சாயும் மண்டாசியும் கிடைக்கும். மண்டாசி என்பது எண்ணெயில் பொரித்த, லேசாக இனிக்கும் மாவுப் பண்டம். அங்கே அந்தப் பெண் தன் அறிக்கையை என்முன் வைத்தார். அடுத்த முறைக்குத் திருத்தி எழுத வேண்டும், மொழி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். நான் பேனாவைத் திறந்துகொண்டு படிக்கத் தொடங்கினேன். மொழியில் திருத்த எதுவும் இல்லை. என்னைவிட நன்றாக எழுதியிருந்தார். நான்காவது பக்கத்தில்தான் ஒரே வினைச்சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். ‘மண் ஆய்வில் உதவினேன்.’ ‘சாலைத்தள வடிவமைப்பில் உதவினேன்.’ ‘வடிகால் கணக்கீட்டில் உதவினேன்.’ அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. நான் அதைத் தமிழில்தான் எண்ணினேன். எண்ணத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. மொத்தம் 23 இடங்களில் ‘உதவினேன்’ இருந்தது. ‘தீர்மானித்தேன்’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

அவர் நேர்மையானவர் என்பதால் அப்படி எழுதியிருந்தார். வேறொருவராக இருந்தால் அதே வேலைகளை ‘வடிவமைத்தேன்’ என்று எழுதியிருப்பார்; தேர்வுக் குழு இரண்டு கேள்வி கேட்டதும் அது வெளுத்திருக்கும், வெளுக்காமலும் போயிருக்கலாம். அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு வரியையும் எனக்குத் தெரியும். வடிகால் கணக்கீட்டில் உதவியது என்றால், நான் கேட்ட மழை அளவுகளை அட்டவணையில் நிரப்பித் தந்தது. சாலைத்தள வடிவமைப்பில் உதவியது என்றால், நான் சொன்ன கனங்களை வரைபடத்தில் ஏற்றியது. அவர் இரண்டு முறை ஒரு சிறுபாலத்தின் நீரோட்டக் கணக்கைத் தானே செய்து பார்க்கிறேன் என்று கேட்டிருந்தார். ‘இந்த மாத அறிக்கை போகட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று இரண்டு முறையும் நான்தான் சொன்னேன். அது சொல்லும்போது பொய்யாகத் தோன்றவில்லை. எனக்கு இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலை, அவருக்கு இரண்டு வாரம் ஆகும். பிறகு அதைச் சரிபார்க்க எனக்கு ஒரு நாள். ஒப்பந்தக்காரர் வரைபடத்துக்காகக் காத்திருந்தார். நானே உட்கார்ந்து முடித்துவிட்டேன். இப்படி ஒவ்வொரு இரவும் நான் சேமித்த நேரம்தான் அவர் அறிக்கையில் 23 இடங்களில் பள்ளமாக விழுந்திருந்தது.

இதைவிடக் கடினமான இன்னொன்றும் அந்த மேசையிலேயே நினைவுக்கு வந்தது. வெளிநாட்டு நிபுணர்கள் வரும் ஒப்பந்தங்களில் உள்ளூர்ப் பொறியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற விதி வழக்கமாக இருக்கும். எங்கள் ஒப்பந்தத்திலும் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகும் அறிக்கையில் அதற்கென்று ஒரு பத்தி உண்டு. ‘இளம் பொறியாளர்களுக்கு மண் ஆய்விலும் சாலைத்தள வடிவமைப்பிலும் நேரடிப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று அந்தப் பத்தியை எழுதியவன் நான். முதல் முறை எழுதினேன். அடுத்தடுத்த முறைகளில் முந்தைய அறிக்கையிலிருந்து எடுத்து அப்படியே வைத்தேன். அவருடைய அறிக்கையும் என்னுடைய அறிக்கையும் ஒரே ஒன்றரை ஆண்டைப் பற்றியவை. அவர் உண்மையை எழுதியிருந்தார்.

நீங்கள் இதைத் தனிமனிதக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாம். அதில் பாதி சரி. மறுபாதி, அந்தத் தொழில் இயங்கும் முறையில் இருக்கிறது. ஓர் ஆலோசனை நிறுவனம் டெண்டர் போடும்போது, முக்கியப் பணியாளர்களின் அனுபவத்துக்கு மதிப்பெண் உண்டு: இத்தனை ஆண்டு, இதே போன்ற இத்தனை திட்டங்கள். என் தன்விவரக் குறிப்பில் இருந்த 17 ஆண்டுகளுக்கு மதிப்பெண் கிடைத்தது. அதனால் நான் விமானம் ஏறினேன். அவருடைய நான்கு ஆண்டுகளுக்கு எதுவும் கிடைக்காது. மதிப்பெண் இல்லாதவருக்குப் பொறுப்பு வராது. பொறுப்பு வராதவருக்கு அடுத்த டெண்டரிலும் மதிப்பெண் வராது. பத்து ஆண்டுகள் கழித்து அதே ஊரில் இன்னொரு சாலை போடும்போது இன்னொரு கோவில்பட்டிக்காரனோ, லிஸ்பன்காரனோ, செங்டுகாரனோ வந்து இறங்குவான். பதிவு பெற்ற பின் மேம்பாட்டுப் புள்ளிகளுக்காக விடுதி அரங்குகளில் நடக்கும் கருத்தரங்குகளால் இந்த ஓட்டையை அடைக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன். அங்கே நல்ல உரைகளைக் கேட்டிருக்கிறேன், பயனும் உண்டு. ஆனால் முதல் மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தானே தீர்மானிக்காத கைக்கு, பிற்பாடு எத்தனை புள்ளி சேர்த்தாலும் அந்தப் பழக்கம் வருவது அரிது. தான்சானியாவில் 2003இலிருந்து புதிய பட்டதாரிகளுக்கு மூன்றாண்டு முறைப்படுத்திய பயிற்சித் திட்டம் ஒன்று நடக்கிறது; எந்தக் காலத்தில் எதைக் கற்க வேண்டும், யார் பொறுப்பு என்று வகுத்திருக்கிறார்கள். அந்த வகை ஏற்பாடு நல்லது. ஆனால் அதிலும் கடைசியில் ஒரு மூத்தவர் தன் பேனாவைக் கீழே வைத்தாக வேண்டும்.

ஓல்காரியாவில் வேறு மாதிரி நடந்தது

இதற்கு மாற்று கென்யாவுக்குள்ளேயே இருக்கிறது. நைவாஷா ஏரிக்குத் தெற்கே, ஹெல்ஸ் கேட் பூங்காவை ஒட்டி ஓல்காரியா. நிலத்தடி நீராவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் இடம். 1956இல் அங்கே போட்ட முதல் இரண்டு துளைகளும் பயன் தரவில்லை. 1970களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மறுபடி தேடினார்கள். 1981இல் 15 மெகாவாட் அலகு ஒன்று ஓடத் தொடங்கியது. 1985இல் அது மூன்று அலகுகளாகி 45 மெகாவாட் ஆனது. ஆப்பிரிக்காவில் நிலவெப்ப மின்சாரத்தில் அதுவே முன்னோடி. இன்று கென்யாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலவெப்பத்திலிருந்து வருகிறது.

எனக்கு அந்த மெகாவாட்டுகளைவிட, அவற்றை எடுத்த மனிதர்கள் உருவான விதமே முக்கியம். ஐஸ்லாந்தில் 1979இல் தொடங்கிய ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆறுமாத நிலவெப்பப் பயிற்சிக்குக் கென்யாவிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் போய்வந்தார்கள். புவியியலாளர், வேதியியலாளர், துளைப்புப் பொறியாளர் என்று வெவ்வேறு துறையினர். இது மட்டுமே என்றால் பல நாடுகள் செய்ததுதான். திரும்பி வந்தவர்களுக்கு வேலை இருந்தது என்பதே வேறுபாடு. துளையை எங்கே போடுவது, எந்த ஆழத்தில் குழாயை நிறுத்துவது என்று அவர்களே சொல்லும் நிலை படிப்படியாக வந்தது. பிற்பாடு துளைப்பு எந்திரங்களையும் மின்நிறுவனமே வாங்கிக்கொண்டது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போகும் ஒரு துளை பொய்த்துப் போனால் பெரும் பணம் நிலத்துக்குள் போய்விடும். அந்தப் பொய்த்துப் போகும் உரிமையையும் சேர்த்தே அவர்களுக்குக் கொடுத்தார்கள். பிற்பாடு எத்தியோப்பியாவிலும் ஜிபூத்தியிலும் துளை போட அதே கென்யப் பொறியாளர்களை அழைத்தார்கள். ஒரு விடுமுறை நாளில் அங்கே போய், மலைச்சரிவெங்கும் குழாய்கள் ஓட, வெண்ணிற ஆவி எழுந்துகொண்டிருந்ததைப் பார்த்து நின்றபோது என் மனம் ஆத்தி ஆற்றங்கரையில் இருந்த அந்த அறிக்கையிலேயே கிடந்தது.

மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் இடையே 472 கிலோமீட்டர் புதிய ரயில்பாதை 2017 மே 31 அன்று திறக்கப்பட்டது. சீன நிறுவனம் விரைவாகக் கட்டி முடித்த பெரிய வேலை அது. கென்ய மாணவர்களைப் பெய்ஜிங் ஜியாவ்தோங் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ரயில்வேப் பொறியியல் படிக்கவும் வைத்தார்கள்; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாதை திறக்கும்போது அந்த மாணவர்கள் வகுப்பறையில் இருந்தார்கள். பாலம் எங்கே வர வேண்டும், மண்மேடு எவ்வளவு உயரம் என்ற முடிவுகள் அதற்குள் முடிந்துவிட்டன. ஓல்காரியாவில் மனிதர்கள் முடிவுகளோடு சேர்ந்து வளர்ந்தார்கள்.

மாட்டுத்தடம்

தேநீர்க்கடைக்குப் பிறகு நான் செய்தது ஒரே ஒரு காரியம். எங்கள் சாலையில் 14 கிலோமீட்டர் 320 மீட்டரில் வரவேண்டிய ஒரு சிறுபாலத்தை முழுக்க அவரிடம் கொடுத்தேன். என்னுடைய பழைய கணக்கில் அங்கே 900 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு குழாய்கள் போட்டிருந்தேன். அந்தத் தாளை அவருக்குக் காட்டவில்லை. ‘வரைபடம் அலுவலகத்தை விட்டு வெளியே போகும் முன் நான் பார்ப்பேன்; அதுவரை எதுவும் சொல்ல மாட்டேன்’ என்றேன்.

அங்கே சிறிய நீர்ப்பிடிப்புப் பரப்புகளுக்கு, பிரிட்டிஷ் சாலை ஆய்வுக்கூடம் 1970களில் கென்யாவிலும் உகாண்டாவிலும் மழையையும் ஓடையையும் அளந்து உருவாக்கிய கிழக்கு ஆப்பிரிக்க வெள்ளக் கணக்கு முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். மண்வகை, சரிவு, நிலத்தில் என்ன வளர்ந்திருக்கிறது, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெருமழை ஆகியவற்றை வைத்து வெள்ளத்தின் உச்சத்தைக் கணிக்கும் முறை. நல்ல முறை. அவர் அதைச் செய்து முடித்து மேசையில் வைத்திருந்த தாளைக் கடந்து போகும்போது பார்த்தேன். மேலே பழைய சாலைக்கரைக்கு அப்பால் இருக்கும் நிலத்தைப் பரப்பில் சேர்க்காமல் விட்டிருந்தார். பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்த அந்த இரண்டு நாட்களும் எனக்கு எளிதாக இல்லை. இரண்டாம் நாள் மாலை, கால்முழுக்க மண்ணோடு அலுவலகத்துக்குள் வந்தார். நடந்து பார்த்ததில் பழைய கரைக்கடியில் ஒரு குழாய் இருப்பதைக் கண்டேன், மேல்நிலத்துத் தண்ணீரும் இங்கேதான் வருகிறது என்று சொல்லிவிட்டுக் கணக்கை மறுபடி தொடங்கினார்.

அந்த நடையில் இன்னொன்றையும் கொண்டுவந்திருந்தார். மேட்டில் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்த கிழவியிடம் பேசியிருக்கிறார். ‘சூசூ’ என்று அழைத்து, அவர்கள் மொழியான கம்பாவில். 1997-98 எல் நினோ மழையை அந்த நாட்டில் அந்த வயதுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. மழை என்றாலே ‘எல் நினோ ஆண்டு’ என்றுதான் அளவு சொல்வார்கள். அந்த ஆண்டு தண்ணீர் வந்த வழியைக் கிழவி கையால் காட்டியிருக்கிறார். அது எங்கள் வரைபடத்தில் இருந்த தாழ்வான புள்ளி அல்ல. அங்கிருந்து 60 மீட்டர் தள்ளி மாடுகள் நடந்து நடந்து பள்ளமாகிப்போன தடம். முதல் மழை எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் வராது, வெடிப்புகள் குடித்துவிடும். நாலைந்து நாள் பெய்து வெடிப்பு மூடிய பிறகு வரும் மழைதான் வீட்டுக்குள் வரும் என்றும் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டபோது என் உடம்பு சிலிர்த்தது. எங்கள் ஆச்சி ஐப்பசியில் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதும் அதுதான். கம்பா மக்களும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள். அத்தனை ஒற்றுமை இருந்தும், ஒன்றரை ஆண்டாக அந்தக் கடையைக் கடந்து போன எனக்கு அந்தக் கிழவியிடம் கேட்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்க மொழியில்லை.

அவர் சிறுபாலத்தை மாட்டுத்தடத்துக்கு நகர்த்தினார். குழாய்களை விட்டுவிட்டு இரண்டு மீட்டர் அகலத்தில் பாக்ஸ் கல்வெர்ட், அதாவது பெட்டி வடிவச் சிறுபாலம் போட்டார். குழாயில் செடிகொடி அடைத்துக்கொள்ளும், பெட்டியாக இருந்தால் கோடையில் ஆடுமாடுகளும் அதன் வழியே போகும் என்று குறிப்பு எழுதினார். அடியில் கரிசலை எடுத்துவிட்டுக் கல் நிரப்ப வேண்டிய ஆழத்தை ஒன்றரை மீட்டர் என்று வைத்தார். நான் ஒரு மீட்டர் இருபது போதும் என்று வைத்திருப்பேன். அதையும் சொல்லவில்லை.

ஒப்பந்தக்காரரோடு நடந்த கூட்டத்தில் எதிர்ப்பு வந்தது. குழாய்கள் வார்த்து அடுக்கப்பட்டுவிட்டன, இப்போது மாற்றினால் யார் பணம் தருவது என்று அவர்களுடைய ஆள் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பணியிடத்தில் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த எங்கள் ரெசிடென்ட் இன்ஜினியரும் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலைவாழ்க்கையில் அதுபோல நீண்ட சில நிமிடங்கள் நினைவில் இல்லை. பிறகு அந்தப் பெண் பேசினார். அந்தக் குழாய்கள் 19ஆவது கிலோமீட்டரில் பொருந்தும், அங்கே நீர்ப்பரப்பு சிறியது, அதற்கான கணக்கு இதோ என்று இன்னொரு தாளை நகர்த்தினார். அந்தத் தாள் இருப்பது எனக்கே தெரியாது.

மழைக்கு முன்பே என் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் அந்தப் பாலத்தின் வழியே தண்ணீர் போவதை நான் பார்க்கவில்லை. அடுத்த முறை நேர்முகத் தேர்வில் அவர் தேறினார் என்று ஊருக்கு வந்தபின் தெரிந்தது. ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதற்கு முந்தைய ஒரு பிற்பகலை. திருத்திய அறிக்கையில் மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும். என் கையெழுத்து அதற்குப் போதாது; எனக்கு இருந்தது குறிப்பிட்ட பணிக்கான தற்காலிகப் பதிவு. கென்யாவில் நிலையாகப் பதிவு பெற்ற ரெசிடென்ட் இன்ஜினியர்தான் போட வேண்டும். கோப்பை வாங்கியவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். நாங்கள் இருவரும் எதிரே உட்கார்ந்திருந்தோம். வெளியே தண்ணீர் லாரி இரண்டு முறை வந்துபோனது. சிறுபாலம் பற்றிய பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அங்கே ‘இடத்தை மாற்றத் தீர்மானித்தேன்’ என்று இருந்தது.

“60 மீட்டர் ஏன்? 50 ஏன் போதாது?” என்று கேட்டார்.

அந்தப் பெண் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்து, ஒரு பழைய வரைபடத்தின் பின்பக்கத்தில் மாட்டுத்தடத்தை வரையத் தொடங்கினார். லேப்பிலிருந்து மாதிரிகள் வந்துவிட்டன என்று என்னை அழைத்தார்கள். நான் எழுந்து போனேன்.